குளிரில் சாதுவானவள்

தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருந்த கூடத்தில் பிறந்தநாள் விருந்து களைகட்டியிருந்தது. குழந்தைகள் கேக்கைக்கூட மறந்துவிட்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ராதிம் மண்டியிட்டு, தான் கொண்டுவந்த மரப்பெட்டியின் தாழ்ப்பாளை நீக்கினான்.

“பயப்படாதீங்க. இவ பேரு பெர்லா. நம்ம ஓபவா ஊரிலேயே இவளை மாதிரி நல்ல பொண்ணு கிடையாது” என்று சொல்லிக்கொண்டே, ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான அந்தப் பாம்பை இரு கைகளிலும் ஏந்தித் தூக்கினான்.

அது போவா இனம். மலைப்பாம்புக்கு ஒன்றுவிட்ட உறவு மாதிரி. விஷம் கிடையாது. பழுப்பு உடம்பில் செம்மண் நிறத் திட்டுகள். ராதிம் அதைக் குழந்தைகளின் மடிகளில் நீளவாக்கில் கிடத்தினான். நனைத்துப் பிழிந்த துணி மாதிரி அது கிடந்தது. ஒரு சிறுமி தலையைத் தொட்டாள். அசையவில்லை. ஒரு பையன் வாலைத் தூக்கி மீசை மாதிரி வைத்துப் பார்த்தான். அதற்கும் அசையவில்லை. சுவரோரம் பீர் கோப்பையுடன் நின்ற அப்பாமார்கள் வியந்துபோனார்கள்.

“எப்படிய்யா இப்படிப் பழக்கினே?”

ராதிம் இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பவன். “அது ஒரு கலைங்க. என் வீட்ல ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி இவ. இன்னொருத்தி அதோ நிக்கிறா. ரெண்டு பேருமே எதிர்த்து மூச்சு விட மாட்டாங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். பெட்டிக்குள் விரித்திருந்த துண்டை மடித்துக்கொண்டிருந்த பிளாங்கா, அவன் மனைவி, உதட்டை மட்டும் கொஞ்சம் அசைத்தாள். அதைப் புன்னகை என்று எடுத்துக்கொள்வதும் எடுத்துக்கொள்ளாததும் பார்ப்பவர் இஷ்டம்.

ராதிம் பேருந்துப் பணிமனையில் எஞ்சின் பழுது பார்ப்பவன். பாம்பு காட்டுவது அவனுக்குத் தொழில் இல்லை, பெருமை. பள்ளிக்கூடம், பிறந்தநாள், ஊர்ச் சந்தை என்று வாரக் கடைசியில் எங்காவது அழைப்பு வந்துவிடும். தெருவில் போனால் “பாம்பு மாமா!” என்று குழந்தைகள் கூப்பிடும். அந்தக் கூப்பாடு அவனுக்கு வெல்லமாக இனிக்கும்.

பெர்லா எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை. ஆரம்ப காலத்தில் ராதிம் ஒழுங்கானவன்தான். வரவேற்பறையில் ஒரு சுவர் நீளத்துக்கு மரத்தில் கூடு செய்து, முன்புறம் கண்ணாடி போட்டு, ஒரு பக்கக் கூரையில் வெளிச்சம் தராத பீங்கான் சூடேற்றியைக் கம்பிக் கூண்டுக்குள் பொருத்தியிருந்தான். அதைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட். அதன் மெல்லிய உணர்கம்பி சூடான மூலையில் கிடக்கும். சூடு கூடினால் தானே அணைக்கும், குறைந்தால் தானே ஏற்றும். அந்த நாட்களில் பெர்லாவைக் கையில் எடுத்தால் தோளில் ஏறுவாள், சட்டைக் கைக்குள் தலையை விடுவாள், பிடிக்காவிட்டால் சீறுவாள். குழந்தைகள் அலறும். ஆசிரியைகள் முகம் சுளிப்பார்கள். ஒருமுறை போன இடத்திலிருந்து மறு அழைப்பு வராது.

பிறகொரு குளிர்காலத்தில், ஒரு பள்ளி நிகழ்ச்சிக்கு முந்தின நாள், தெர்மோஸ்டாட் செத்துப்போனது. கூடு ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்தது. மறுநாள் பெர்லா ஆடவும் இல்லை, அசையவும் இல்லை. ஒரு வகுப்பே அவளைத் தடவிப் பார்த்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அன்றைக்கே ராதிமுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்ததை அவன் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. புது தெர்மோஸ்டாட் மட்டும் வாங்காமல் விட்டுவிட்டான்.

“எதுக்கு இன்னொண்ணு? நானே தெர்மோஸ்டாட்தான்” என்பான். சூடேற்றியின் மின்கம்பியை அவனே சொருகுவான், அவனே பிடுங்குவான். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் சாயங்காலமே பிடுங்கிவிடுவான். அழைப்புகள் கூடக்கூட, கூடு சூடாக இருந்த நாட்களைவிடக் குளிர்ந்து கிடந்த நாட்களே அதிகமாயின.

வீட்டுக்கும் அவனே தெர்மோஸ்டாட். ஜன்னலுக்கு அடியில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் குமிழ்களை அவனைத் தவிர யாரும் தொடக்கூடாது. “குளிர்னா இன்னொரு ஸ்வெட்டர் போடு. உடம்புக்கு நல்லது” என்பான். பிளாங்கா இரண்டு கம்பளிச் சட்டைகள் போட்டுக்கொண்டு, தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள்.

ஒருமுறை கூட்டின் கண்ணாடியில் விரலை வைத்துவிட்டு, “அதுக்குக் குளிராதா, ராதிம்?” என்று கேட்டாள்.

“அதுக்கு ரத்தமே குளிர் ரத்தம். உனக்கு என்ன தெரியும்?”

அதோடு அவள் விட்டுவிட்டாள். அவள் எதையுமே அதோடு விட்டுவிடுகிறவள் என்பதில் ராதிமுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

நவம்பர் நடுவில் பெர்லா விழுங்கிய எலியை அரைகுறையாகக் கக்கினாள். ராதிம் கூட்டைக் கழுவினான், ‘எலி சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டான். அடுத்த வாரம் அவள் தலையை நேராக மேலே தூக்கி வைத்துக்கொண்டு, வாயைச் சற்றே திறந்தபடி இருந்தாள். மூச்சு விடும்போது சின்னதாக ஒரு விசில் சத்தம். கிட்டே போய்ப் பார்த்தால் மூக்குத் துளையில் நுரைக் குமிழ்.

இந்த நேரம் பார்த்து ஒரு பெரிய அழைப்பு. டிசம்பர் தொடக்கத்தில் வரும் புனித மிகுலாஷ் திருநாளுக்கு ஊரின் பெரிய வணிக வளாகத்தில் நிகழ்ச்சி. சுவரொட்டியில் ராதிமின் படம்கூடப் போட்டிருந்தார்கள். ஏற்பாட்டாளர் ஹானுஷ் தினமும் போன் செய்து, “நம்ம சாதுப் பொண்ணு எப்படி இருக்கா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். எப்படியாவது அதற்குள் குணமாக்கிவிட வேண்டும். ராதிம் பாம்புகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே நேரம் வாங்கினான். கார் ஓட்டும்போது பெட்டியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். பிளாங்கா வேலையில் இருந்தாள். போன் எடுக்கவில்லை. நேரிலேயே போனான்.

பிளாங்கா நாடக அரங்கின் தையல்கூடத்தில் உடைகள் தைப்பவள். அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்து பல வருஷமாகியும் ராதிம் உள்ளே போனது கிடையாது, வாசலோடு சரி. இப்போது பின்படிகளில் ஏறிப் போனான். கதவுக்கு அந்தப் பக்கம் ஏகப்பட்ட சிரிப்பு. ஒரு பெண் குரல் யாரையோ மாதிரி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

“ராஜா வந்து நிக்கிறாரு. நானும் பொத்தானை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன். ‘மகாராஜா, நாடு உங்களுது, ஒத்துக்கிறேன். ஆனா இந்த இடுப்பு போன வருஷம் உங்களுது இல்லையே! நடுவுல எத்தனை தட்டு க்னெட்லிக்கி உருண்டை உள்ள போச்சு?’ன்னு கேட்டேன் பாரு…”

சிரிப்பு வெடித்தது. சுறுசுறுப்பான குரல், துடுக்கான குரல். நல்ல ஆளை வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ராதிம் கதவைத் தள்ளினான்.

பேசிக்கொண்டிருந்தது பிளாங்கா.

இஸ்திரிப்பெட்டிகளின் நீராவியில் அறை கதகதவென்றிருந்தது. அவள் கையில்லாத சட்டை போட்டிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. ஒரு கையில் குண்டூசிகளுடன், மறுகையை இடுப்பில் வைத்து, அந்த ராஜாவாகவே நின்றிருந்தாள். ராதிமைப் பார்த்ததும் கை கீழே இறங்கியது. குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செருகி வைத்தாள். கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“என்ன?” என்றாள். அது அவனுக்குத் தெரிந்த குரல்.

காரில் அவன் ஏதேதோ பேசினான். அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் ஸோரா நடுத்தர வயதுக்காரர், நிதானமான பேச்சு. பெட்டியைத் திறந்ததும் முதலில் பாம்பைத் தொடவில்லை. வெப்பமானியை நீட்டிப் பார்த்தார்.

“பத்தொன்பது டிகிரி. வழியில குளிர்ந்ததா, வீட்லயே இப்படியா?”

“வழியிலதான் டாக்டர். வெளியில பனி பாருங்க.”

ஸோரா பெர்லாவின் வாயை மெல்லத் திறந்து பார்த்தார், உடம்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். “நுரையீரல்ல சளி கட்டியிருக்கு. நிமோனியா. கொஞ்சம் பிந்தித்தான் வந்திருக்கீங்க. இது ரொம்ப நாள் குளிர்ல கிடந்தா வர்றது. வீட்ல சூடேற்றி இருக்கா?”

“நல்லதா இருக்கு டாக்டர். எல்லாம் ஒழுங்கா இருக்கு. இவ ரொம்பச் சாதுவான பாம்பு, நீங்க வேணா பாருங்க, என்ன பண்ணினாலும்…”

“சாதுவா?” ஸோரா நிமிர்ந்து பார்த்தார். “எப்போலேர்ந்து சாது?”

ராதிம் பெட்டியின் தாழ்ப்பாளைத் தடவினான். “ரெண்டு வருஷமா இருக்கும்.”

“சார், இது சாது இல்ல. பாம்பால தானா உடம்பைச் சூடாக்கிக்க முடியாது. வெளியில சூடு இருந்தாத்தான் அதுக்குத் தசை வேலை செய்யும், வயிறு வேலை செய்யும். சூடு இல்லேன்னா, பிடிக்கலேன்னு காட்டறதுக்குக்கூட அதுக்குத் தெம்பு இருக்காது. அதைப் பார்த்துட்டு நாம, ஆஹா எவ்வளவு நல்ல பாம்புன்னு சொல்றோம். சரி, சொல்லுங்க. சூடேற்றி எப்பவும் எரியுதா?”

“எப்பவும் எரியும்” என்றான் ராதிம்.

“இல்ல” என்றாள் பிளாங்கா.

அவ்வளவு நேரமும் அவள் சுவரோரம் நின்றிருந்தாள். ராதிம் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் மருத்துவரைப் பார்த்தே சொன்னாள். “நிகழ்ச்சி இருந்தா முந்தின நாளே அணைச்சிடுவாரு. இப்பல்லாம் வாரத்துல பாதி நாள் அணைஞ்சேதான் கிடக்கு. தெர்மோஸ்டாட் கெட்டுப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு.”

ஸோரா திட்டவில்லை. மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டே பேசினார். ஒரு பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, இன்னொரு பக்கம் இருபத்தாறு, இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒரு மறைவு. தெர்மோஸ்டாட் இல்லாமல் சூடேற்றியைப் போடவே கூடாது, வெந்தும் போகலாம், உறைந்தும் போகலாம். ஊசி மூன்று நாளைக்கு ஒருமுறை, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.

“ரெண்டு பக்கமும் ஏன் ஒரே மாதிரி சூடு வைக்கக்கூடாது?” என்று பிளாங்கா கேட்டாள்.

“எப்போ சூடு வேணும், எப்போ போதும்னு அதுக்குத்தான் தெரியும்மா. நமக்குத் தெரியாது. நாம ரெண்டையும் வச்சிட்டுத் தள்ளி நிக்கணும். எங்க போய்ப் படுக்கறதுங்கறது அதோட இஷ்டம்.”

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் ராதிம் வெடித்தான். “வெளியாள் முன்னாடி என்னைப் பொய்யன் ஆக்கிட்டே! வாயை மூடிக்கிட்டு நிக்க முடியாதா உன்னால?”

பிளாங்கா காலணியைக் கழற்றி வரிசையாக வைத்தாள். சமையலறைக்குப் போனாள். தண்ணீர் கொதிக்க வைத்தாள். பிறகு திரும்பி நின்றாள்.

“இவ்வளவு வருஷமா மூடிக்கிட்டுத்தானே நின்னேன். கல்யாணமான புதுசுல நான் எப்படி இருந்தேன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?”

ராதிம் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினான்.

“நான் ஏதாவது சொன்னா, ‘உனக்கு என்ன தெரியும்’. சத்தமாச் சிரிச்சா, ‘பக்கத்து வீட்ல கேட்கும்’. என் அக்கா வீட்டுக்குப் போறேன்னா, ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வச்சுக்குவே. நீ கை ஓங்கலை, குடிச்சிட்டு வந்து கத்தலை. அதனால எல்லாரும் உன்னை நல்ல புருஷன்னுதான் சொல்றாங்க. நீ அணைச்சே, அவ்வளவுதான். இன்னைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம். அப்புறம் ஊர் கூடியிருக்கற இடத்துல கையை நீட்டி, ‘பாருங்க, எதிர்த்து மூச்சு விட மாட்டா’ன்னு பெருமை வேற.”

“அது… சும்மா தமாஷுக்குச் சொல்றது, பிளாங்கா.”

“நான் சாது இல்ல, ராதிம். எனக்குக் குளிருது.”

அவள் குரல் உயரவில்லை. அவனைத் தாண்டிப் போய், ஜன்னலுக்கு அடியில் குனிந்து, ரேடியேட்டரின் குமிழை அவளே திருப்பினாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ராதிமுக்குத் தையல்கூடத்துக் கதவுக்கு வெளியே நின்று, அந்தக் குரல் யாருடையது என்று தெரியாமல், நல்ல ஆளை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தது மட்டும் மறுபடி மறுபடி ஞாபகம் வந்தது. கட்டிய மனைவியின் குரலை அடையாளம் தெரியாத ஒருவனை வேறு யார் பொய்யன் ஆக்க வேண்டும்?

மறுநாள் பணிமனைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்ப் புது தெர்மோஸ்டாட் வாங்கிவந்தான். கூட்டை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினான். சூடேற்றியைத் துடைத்து, கம்பிக் கூண்டை இறுக்கி, உணர்கம்பி நழுவாதபடி கட்டினான். இரண்டு மூலையிலும் மரப்பட்டையில் மறைவு செய்து வைத்தான். மூலைக்கொரு வெப்பமானி. வேலை முடிந்ததும் ஹானுஷுக்குப் போன் செய்து, பாம்புக்கு உடம்பு சரியில்லை, வர முடியாது என்றான்.

“என்னய்யா சொல்றீர்? சுவரொட்டியெல்லாம் ஒட்டியாச்சு! ஒரு அரைமணி நேரம் படுத்துக் கிடந்தாப் போதாதா? உம்ம பாம்பு எப்பவும் படுத்துத்தானே கிடக்கும்?”

அந்தப் பேச்சு ராதிமுக்குச் சுருக்கென்றது. “வர முடியாதுங்க” என்று மட்டும் சொல்லி வைத்தான்.

ஊசி போடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். பிளாங்கா தலைப்பக்கம் பிடித்துக்கொள்வாள், ராதிம் செதிலுக்கு இடையில் ஊசியை ஏற்றுவான். முதல் இரண்டு முறையும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாவது முறை பெர்லா அவள் கையில் லேசாக முறுக்கினாள்.

“இழுக்கிறா!” என்றாள் பிளாங்கா. அவர்கள் இருவருக்கும் அதைவிட நல்ல சேதி அந்தக் குளிர்காலத்தில் வேறு வரவில்லை.

வேலை முடிந்து வந்ததும் ராதிம் ஒரு நாற்காலியைப் போட்டுக் கூட்டின் முன்னால் உட்காருவான். காலையில் சூடான மூலையில் சுருண்டிருப்பவள், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மெல்ல ஊர்ந்து மறுபக்கம் போவாள். சில நாள் நடுவில் நீட்டிப் படுப்பாள். ஏன் என்று அவனுக்குத் தெரியாது. அவன் தீர்மானிக்க அங்கே ஒன்றும் இல்லை. முதலில் அது அவனுக்கு என்னவோ போல் இருந்தது, கையில் வேலை இல்லாதவன் மாதிரி. போகப்போக அதுவே ஒரு சுகமாயிற்று.

வீட்டில் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. “உனக்கு என்ன…” என்று தொடங்கிப் பாதியில் நிறுத்துவான். சில சமயம் நிறுத்தாமலும் போய்விடுவான். அப்போது பிளாங்கா, “முழுசாச் சொல்லிடு, கேட்டுக்கறேன். அப்புறம் நான் சொல்றதையும் கேளு” என்பாள். பூண்டு சூப் ஆறும்வரை சண்டை நடந்த நாட்களும் உண்டு. சத்தம் போடத் தெரிந்த மனைவி அவனுக்குப் புதிது. ஆனால் சண்டைக்குப் பிறகு அவள் வேறு அறைக்குள் போய் மௌனமாகிவிடவில்லை என்பதையும் அவன் கவனித்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்: “அடுத்த வாரம் பிர்னோவுக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். பத்து நாள் இருப்பேன்.”

“பத்து நாளா? அப்போ இங்க…” என்று ஆரம்பித்தான்.

“நான் உன்கிட்ட கேட்கலை. சொல்றேன்.”

ராதிம் கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். “ரயிலடி வரைக்கும் கார்ல கொண்டு விடட்டுமா?” என்றான் கடைசியில்.

“விடேன்” என்றாள் அவள்.

அவள் ஊருக்குப் போயிருந்த அந்த நாட்களில்தான் அது நடந்தது. கூட்டில் தண்ணீர் மாற்றக் கையை விட்டான். பெர்லா மறைவிலிருந்து தலையை நீட்டிச் சீறினாள். பழைய நினைப்பில் அவன் அதைப் பொருட்படுத்தாமல் அவளை ஒதுக்கித் தள்ளினான். கண் இமைக்கும் நேரம். கட்டைவிரலுக்கு அடியில் ஊசி ஊசியாய்ப் பல் பதிந்து, பொட்டுப் பொட்டாய் ரத்தம் துளிர்த்தது. கடித்தவள் உடனே விட்டுவிட்டு, கம்பீரமாகக் கூட்டின் அடுத்த மூலைக்குப் போனாள்.

ராதிம் குழாயடியில் கையைக் கழுவி, மருந்து தடவிக் கட்டினான். வலித்தது. ஆனாலும் சிரிப்பு வந்தது. பிளாங்காவுக்குப் போன் போட்டு, “உன் தோழி என்னைக் கடிச்சுட்டா!” என்றான்.

“நீ என்ன பண்ணினே?”

“அவ வேண்டாம்னு சொன்னா. நான் கேட்கலை.”

அந்தப் பக்கம் அக்காவும் தங்கையும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அவன் போனைக் காதை விட்டு எடுக்கவில்லை.

அதே வாரம் ஹானுஷ் மறுபடியும் அழைத்தார். வசந்தகாலச் சந்தை வருகிறதாம், பெரிய மேடை போடுகிறார்களாம். “பழசெல்லாம் விடும். உம்ம பாம்பு குணமாயிடுச்சாமே? அந்தச் சாதுப் பொண்ணைக் கூட்டிட்டு வாரும். குழந்தைங்க கேட்டுக்கிட்டே இருக்கு.”

“குணமாயிடுச்சுங்க. அதனாலதான் வர முடியாது.”

“என்ன பேச்சு இது?”

“குழந்தைங்க வேணும்னா எங்க வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். கண்ணாடிக்கு வெளியே நின்னு, அவ எப்படி நடமாடறான்னு பார்க்கட்டும். மடியில போட மாட்டேன். இப்ப அவளுக்குப் பிடிக்கலேன்னா கடிப்பா.”

“அடப் பாவமே! அவ்வளவு அருமையாப் பழக்கி வச்சிருந்தீரே. எவ்வளவு அடக்கமா இருந்தா. எல்லாம் கெட்டுப் போச்சா?”

ராதிம் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். கூட்டுக்குள் பெர்லா ஒரு மரக்கிளையில் ஏறிக்கொண்டிருந்தாள். அவன் அடுத்துப் பேசியது ஹானுஷுக்காக மட்டும் இல்லை.

“நான் அவளைப் பழக்கலைங்க. அவளுக்குச் சூடு குடுக்காம வச்சிருந்தேன். அவ்வளவுதான் என் திறமை. ஒரு உயிர் வாயே திறக்காம அடங்கிக் கிடந்தா, அது நல்ல குணம்னு நாம கைதட்டறோம். பாம்பா இருந்தாலும் சரி, வீட்ல இருக்கற மனுஷியா இருந்தாலும் சரி, முதல்ல அதுக்குக் குளிருதான்னு கேட்கணும். வேண்டாம்னு சொல்ற தெம்பு இருந்து, அப்புறமும் நம்ம கூட இருந்தாத்தான் அதுக்குப் பேரு பாசம். மத்ததெல்லாம் நாம அணைச்சு வச்சது.”

“சரிய்யா, உம்ம வீட்டு விலாசத்தைச் சொல்லும். என் பேரப்பிள்ளைகளைக் கூட்டிட்டு வரேன்” என்றார் ஹானுஷ்.